பூதங்கள் வீடு திரும்பிய ஞாயிறுகள்

அந்தப் பூதங்கள் எல்லாம் ரப்பர். முதுகில் தைத்த கோடு தெரியும். ஏரிக்குள்ளிருந்து எழுந்து வரும்போது தோளில் ஒரு காற்றுக்குமிழ் உப்பி, தயங்கி, அமுங்கும். வாய் முதலில் திறக்கும். உறுமல் தலவாக்கலை பஸ்ஸைப் போலப் பிந்தி வந்து சேரும். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி அந்த ரப்பரை நினைத்து இன்றைக்கும் கலங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பவேண்டாம். மழை பெய்கிறது, வெளியே போக வழியில்லை, எழுதுகிறேன்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், ஒரு வீட்டுக்கு ஒரு காம்பரா. தொலைக்காட்சி கடைசிக் காம்பரா மாமாவிடம் மட்டும் இருந்தது. சொந்த மாமா இல்லை. லயத்தில் எல்லோருக்கும் அவர் மாமா. கோபம் வந்தால் அவருடைய மனைவிக்கும் மாமாதான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மின்சாரம் ஃபெக்டரிக்கும் துரை பங்களாவுக்கும் போய்விட்டுத் திரும்பிவிடும், எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. மாமாவின் கறுப்பு வெள்ளைப் பெட்டி கார் பெட்டரியில் ஓடியது. பெட்டரியைச் சாக்கில் சுற்றி, பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு இறங்குவார், சார்ஜ் போட.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆங்கிலப் படம். அடியில் சிங்கள எழுத்து ஓடும். எங்களுக்கு அந்தப் பேச்சும் தெரியாது, அந்த எழுத்தும் தெரியாது. பூதப் படத்துக்கு எதற்கு மொழி? ஏரி இருக்கும். ஏரியில் ஒருவன் குளிப்பான். குளித்தவன் திரும்பி வரமாட்டான். கோட்டுக்குள் கழுத்துப்பட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர், அங்கே ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டுவார். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அப்படிக் கையை ஆட்டுகிற மேற்பார்வைக் கண்டாக்கையாமாரைப் பார்த்துப் பழகியிருந்த எங்கள் பெண்களுக்கு, அடுத்து சாகப் போவது யார் என்று உடனே தெரிந்துவிடும்.

"கண்டாக்கையா கையை ஆட்டுறாரு பாரு. இன்னும் ரெண்டு பேரு காலி."

ஒரு படத்தில் ராட்சச அட்டை ஒன்று வந்தது. ஊரையே உறிஞ்சியது. அட்டைக் காட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் முன்னால் அந்தப் படத்தைப் போட்டால் என்ன ஆகும்?

"இதுக்கா இந்த ஓட்டம் ஓடுறானுங்க? கால்ல கொஞ்சம் சவுக்காரத்த தேச்சிக்கிட்டு நின்னா தானா உழுந்துரும்."

"அடியே, குதிகால் செருப்ப கழட்டிட்டு ஓடுடி! கழட்டுறாளா பாரு. உழுவா இப்ப."

அவள் விழுவாள். காம்பரா முழுக்கச் சிரிப்பு. வாசலில் பீடியோடு நிற்கும் அப்பா உள்ளே வராமலே சொல்வார், "ரப்பர பாத்து பயப்படுறதுக்கு ஒரு பெட்டரி." ஆனால் அவரும் போகமாட்டார். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் காய்த்துப்போன அவர் கை நிலைக்கதவைப் பிடித்தபடியே இருக்கும்.

நடுவில் ஒன்று நடக்கும். பூதம் பாய வருகிற நேரம், அல்லது யாரோ ஒரு கதவைத் திறக்கிற நேரம், படம் மெல்ல இருண்டு கறுத்துவிடும்.

"பெட்டரி போச்சு!"

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். மாமா எழுந்து பெட்டரியின் தலையில் கையை வைப்பார், ஜுரம் பார்ப்பது போல. பிறகு பெட்டியின் பக்கத்தில் ஒரு தட்டு. படம் திரும்ப வரும்.

"நா இல்லேன்னா இன்னைக்கு படம் அவ்வளவுதான்" என்று உட்காருவார். ஒரு படத்தில் நாலைந்து தடவை இப்படி உயிர்கொடுப்பார். அந்தக் கைராசியை லயமே நம்பியது. இருமல் வந்த குழந்தைகளைக்கூட அவரிடம் தூக்கிக்கொண்டு போய் முதுகில் தட்டச் சொன்ன பெண்கள் உண்டு. வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவை சினிமாக் கொட்டகைக்கென்று எடுத்த படங்கள் இல்லை. கையில் இருந்த சில்லறையில் தொலைக்காட்சிக்கென்றே அவசரமாக எடுத்து முடித்தவை. எடுத்தவர்கள், தங்கள் ஊரில் விளம்பரம் போடுவதற்காக அந்தந்த இடத்தில் இருட்டை விட்டுவைத்திருந்தார்கள். சோப்பும் காரும் வரவேண்டிய இருட்டில் நாங்கள் உட்கார்ந்து பெட்டரிக்காக வேண்டிக்கொண்டிருந்தோம்.

உண்மையான சாவு வேறு மாதிரி வரும். படம் ஓரங்களிலிருந்து சுருங்கும். பூதமும் ஊரும் சேர்ந்து சின்னதாகி, குரல்கள் தொண்டை கட்டியதுபோல இழுபட்டு, கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதை மாமாவாலும் தட்டி எழுப்ப முடியாது. சார்ஜ் போட்டு வந்த அன்றே, சனிக்கிழமை இரவு நாடகங்களுக்கே பாதி உயிர் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் படம் முடியும்வரை அது தாங்கியதாக எனக்கு நினைவே இல்லை. பூதம் ஊருக்குள் கால் வைக்கும். எங்கள் பெட்டி கண்ணை மூடும். எந்தப் படத்தின் முடிவையும் நாங்கள் பார்த்ததில்லை.

முடிவுகள் கொழும்பிலிருந்து வரும். அம்மா கொண்டுவருவாள்.

தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்துகொண்டே போன காலம். தம்பி நடக்கத் தொடங்கியதும் அம்மா கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவளில்லை, கடைசி ஆளும் இல்லை. தீபாவளிக்கு வருவாள், சித்திரைப் புதுவருடத்துக்கு வருவாள். மற்ற நாளெல்லாம் அவள் இல்லாத நாள். போன் இல்லை. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தது என்று ரேடியோ சொன்னால், அப்பா வேலையை விட்டுவிட்டு தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். யாராவது ஒரு ஆள், ஒரு சொல் கொண்டுவரும்வரை நிற்பார்.

முதல் தடவை அவள் வந்தபோது நான் ஏரிப் பூதத்தைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சொன்னாள்:

"இந்த ஞாயித்துக்கெழம படமா? அங்கயும் போட்டாங்களே!"

அந்தக் கணம் எனக்கு இன்னும் சூடாக இருக்கிறது. நான் கடைசிக் காம்பராவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நேரம், அதே பூதம், அவள் இருந்த வீட்டிலும் எழுந்து வந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே ஏரி.

"அப்பறம் என்னாம்மா ஆச்சு? எங்களுக்கு பெட்டரி போயிருச்சு."

"அப்பறமா?" ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "எல்லாரும் துவக்கோட நின்னானுங்க. டமார்னு ஒரு சத்தம். அது ஒரு கத்து கத்துச்சு பாரு..." கத்தியும் காட்டினாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. "அப்பறம் அமைதியாயிருச்சு. சரி போங்கடான்னு தண்ணிக்குள்ள எறங்கி போயிருச்சு."

"ஏன் போச்சு?"

"அதுக்கு அங்க வீடு இருக்குல்ல."

அன்றிலிருந்து அது வழக்கமானது. தொடக்கம் எங்களுடையது, முடிவு அவளுடையது. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படத்தை அவளுக்காகவும் சேர்த்துப் பார்த்தேன், ஒன்றையும் சிந்தாமல். மறந்துபோகாதிருக்க ஒவ்வொரு பூதத்துக்கும் நானும் தம்பியும் பெயர் வைத்தோம். கொளத்துக்காரன். கல்லு மண்டையன். ஒரு ராட்சதச் சிலந்தி வந்தபோது தம்பி அதற்கு எட்டுக்கால் தொரை என்று பெயர் வைத்தான், அது வந்தால் எல்லோரும் ஓடி ஒளிந்ததால். பெயரைக் கேட்டு அப்பா வாசலில் நின்று சிரித்தார். அம்மா இல்லாத வீட்டில் அவர் சிரித்த சில தடவைகளில் அது ஒன்று.

அம்மா வந்து இறங்கும் நாளில் நாங்கள் வட்டகொடை பிளாட்பாரத்தில் நிற்போம். மூட்டையை இறக்கி வைக்கும் முன்பே தம்பி தொடங்கிவிடுவான்.

"எட்டுக்கால் தொரை என்னா ஆனாரு?"

"இருடா, மூச்சு வாங்கிக்கிறேன். அவரா? மலை மேல ஏறி பனிக்குள்ள போயிட்டாரு."

"என்னா கலரும்மா? அந்த வீட்டுல கலர் டிவிதான?"

"கலரா... கண்ட கலரும்தான் இருக்கு."

"பல்லு?"

"நா என்னா எண்ணிக்கிட்டா இருந்தேன்? சத்தத்த கேளு." அவள் உறுமுவாள். ஸ்டேஷனில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கொல்லுவது போல உறுமுவாள், தூரத்தில் உறுமுவாள், காயம்பட்டு உறுமுவாள். அத்தனை வகை உறுமல் எனக்கு வேறு யாரிடமும் கேட்கக் கிடைத்ததில்லை.

அவளுடைய பூதங்கள் எதுவும் செத்ததில்லை. தண்ணீர்க்காரன் தண்ணீருக்கும், குகைக்காரன் குகைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் ஊர் திரும்பினார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு கணக்கு உண்டாகியிருந்தது. குழந்தைகள் போடும் கணக்கு. அத்தனை பூதமும் திரும்பிப் போகிறதென்றால், அம்மாவும் ஒருநாள் திரும்பி வந்து, போகாமல் இருந்துவிடுவாள்.

"அடுத்த தீவாளிக்கு வந்தேன்னா, போகமாட்டேன் கண்ணு" என்பாள் அவளும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளி ஒன்று இருந்தது.

முட்டைப் பல்லி படம் ஒரு சித்திரைக்குப் பிறகு வந்தது. மலைக்குகையில் வீடு அளவுக்கு ஒரு பல்லி. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் அதன் முட்டையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். முட்டையைத் தேடிக்கொண்டு பல்லி மலையை விட்டு இறங்குகிறது. எங்கள் பெண்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "குடுத்துருங்கடா. அதோட புள்ளய அதுக்கிட்ட குடுத்துருங்கடா" என்று ஒருத்தி பெட்டியைப் பார்த்து மன்றாடினாள். பல்லி பாலத்தின் மேல் முதல் காலை வைத்தது. படம் சுருங்கத் தொடங்கியது. மாமா தட்டினார், திரும்பத் திரும்பத் தட்டினார்.

தீபாவளிவரை அந்தப் பல்லி பாலத்தின் மேலேயே நின்றது. கொழுந்து மலையில் மழை அடித்தபோது நின்றது. தம்பிக்குக் காய்ச்சல் வந்து, அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடியபோதும் நின்றது. அந்தக் காய்ச்சலில் அவன் அம்மாவைக் கேட்கவில்லை. "முட்டைய குடுத்தாங்களா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா வந்ததும் பிளாட்பாரத்திலேயே கேட்டோம்.

அவள் தம்பியின் மெலிந்த கையைப் பிடித்துப் பார்த்தாள். "குடுத்துட்டாங்க" என்றாள். "அது ஒரு அழுகை அழுதுச்சு. அந்த மாதிரி அழுதா யாருதான் குடுக்காம இருப்பாங்க? வாயில கவ்விக்கிட்டு போயிருச்சு." அந்த அழுகையையும் அங்கேயே இழுத்து இழுத்து அழுதுகாட்டினாள்.

அந்தத் தடவை அவள் திரும்பிப் போனபோது, ரயில் வளைவில் மறையும்வரை தம்பி பிளாட்பாரத்தின் நுனியில் நின்று அந்தப் பல்லியைப் போல உறுமினான். அவள் ரயில் பெட்டியின் ஜன்னலிலிருந்து பதிலுக்கு உறுமியதாக அவன் இன்றும் சொல்கிறான். ரயில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு நான் வளர்ந்தேன். உயர்தர வகுப்பில் படிக்கும்போது தலவாக்கலையில் ஒரு தோழியின் வீட்டில், நிற்காத மின்சாரத்தில், ஒரு பூதப் படத்தை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தேன். கடைசியில் பூதத்தை வெடி வைத்துச் சிதறடித்தார்கள். நாயகனும் நாயகியும் கட்டிப்பிடித்தார்கள். பெயர்கள் ஓடின. தோழி எழுந்து தேநீர் போடப் போனாள். நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமும் போனேன். அடுத்ததையும் கொன்றார்கள்.

அப்படியானால் அம்மா எங்களுக்காக முடிவுகளை மாற்றியிருக்கிறாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. எழுத்து தெரியாத என் அம்மா கதையைத் திருத்தத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுத வந்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம் அதைத்தான் பல வருடம் சொல்லிவந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு லயத்துக்கு மின்சாரம் வந்தது. கடைசிக் காம்பரா மாமா வேலை போன வைத்தியரைப் போலத் திரிந்தார். நான் ஆசிரியையாகி, எங்கள் காம்பராவுக்கு ஒரு கலர் பெட்டி வாங்கினேன். தம்பி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். அவன் போன ரயிலும் அதே ரயில்தான். அதன் பிறகுதான் அம்மா திரும்பி வந்தாள், போகாமல் இருப்பதற்கு. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. படி ஏறினால் மூச்சு வாங்கியது. கொழும்பு வீட்டு எஜமானியம்மா, அந்த நோனா, நல்லவர். வேனில் நானுஓயாவரை அனுப்பிவைத்திருந்தார். அப்பா அவளைப் பார்த்து, "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். வெளியே பனி, எதிர் லயத்தின் சுவர்கூடத் தெரியவில்லை. ஏதோ ஒரு சேனலில் பூதப் படம். இப்போது பூதங்களைக் கணினியில் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ரப்பரைவிட மோசம், தரையில் கால் படாமல் நடந்தன. "அம்மா, வா, நம்ம படம்" என்று கூப்பிட்டேன். பலகையில் வந்து உட்கார்ந்தாள். ஒரே பெட்டியின் முன்னால், தொடக்கத்திலிருந்து, நானும் அவளும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பூதம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது.

"பச்சையாவா இருக்கும்?" என்றாள்.

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. குழந்தை போல வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். இடையில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு, எழுந்து போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "பாவம், அது பாட்டுக்கு இருந்துச்சு, இவனுங்கதான் போயி சீண்டுனானுங்க" என்றாள். கடைசியில் துவக்குகள் வந்தன. பெரிய வெடி. பூதம் துண்டு துண்டானது. மெல்லிய இசை.

அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொன்னுட்டானுங்களா?"

"ஆமாம்மா. எப்பவும் அப்படித்தான?"

"எப்பவுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"நீதான் முடிவெல்லாம் பாத்திருக்கியேம்மா."

"நா எங்கடி பாத்தேன்?" என்றாள். "ஹாலு கதவு சாத்தியிருக்கும். அவங்க உள்ள பாப்பாங்க. நா குசினியில பகல் சாப்பாட்டு கோப்பை கழுவிக்கிட்டு நிப்பேன். சத்தம் மட்டுந்தான் வரும். நீ சொன்ன சத்தமெல்லாம் வரும். கடைசியா பெருசா ஒண்ணு. அப்பறம் ஒண்ணுமே கேக்காது, மெல்லிசா ஒரு பாட்டு வரும். சரி, போயிருச்சு போல, அதோட எடத்துக்கு போயிருச்சு போலன்னு..."

அவள் எதையும் திருத்தவில்லை. நம்பியிருக்கிறாள். வெடிச்சத்தம் என்றால் என்ன என்று தெரிந்த ஊரில், ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்த நாட்களை எல்லாம் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு சுவருக்குப் பின்னால் நின்று, அந்தப் பெரிய சத்தத்துக்குப் பிறகு வரும் அமைதியை அவள் வீடு திரும்புதல் என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும். அத்தனை வருடம்.

"அப்ப எல்லாமே செத்துருச்சா?" என்றாள்.

நான் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"கொளத்துக்காரனுமா?"

"ம்."

"நம்ம எட்டுக்கால் தொரையும்?"

"ம்."

"அந்த முட்டைக்காரி?"

அந்தப் படத்தை நான் பிறகு எங்கும் பார்த்திருக்கவில்லை. "அது போயிருச்சும்மா. குடுத்துட்டாங்க, கவ்விக்கிட்டு போயிருச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அதான. அது அழுத அழுகை எனக்கு சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சே."

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் படம் பார்த்தோம். ஆனால் துவக்குகள் வெளியே வரும் நேரம் பார்த்து அவள் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவுவாள். சத்தம் ஓய்ந்ததும் அங்கிருந்து குரல் வரும்.

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

பின்பு ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தம்பி கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பிளாட்பாரத்தில் அவனைக் கூப்பிட நான்தான் போனேன். இறங்கியவன் என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் அந்த முட்டைப் பல்லி படம் எனக்குக் கிடைத்தது. இணையத்தில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள், மங்கலான பிரதி. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். பல்லி பச்சையில்லை, செங்கல் நிறம். வயிற்றுப் பக்கம் ரப்பர் மடிந்திருந்தது. படம் இடையிடையே கறுத்தபோதெல்லாம் என் கை தானாக மேசையைத் தட்டியது. அது மலையை விட்டு இறங்கியது. பாலத்துக்கு வந்தது. முதல் காலை வைத்தது.

நான் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு எழுந்தேன். குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து, தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கத்தினார்கள். சுட்டார்கள். பல்லி அழுதது, அம்மா வட்டகொடை பிளாட்பாரத்தில் அழுதுகாட்டிய அதே அழுகை, ஒரு இழுப்புக்கூடத் தப்பாமல். பிறகு பெரிதாக ஒரு சத்தம். நான் குழாயை மூடினேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெல்லிசாக ஒரு பாட்டு.

கையைத் துடைக்காமல் அப்படியே நின்றேன். இங்கிருந்து கேட்டால் அவள் சொன்னதுதான் சரி. போயிருச்சு.